கரீபியன்ல பீச், ஸ்நோர்கலிங், ஓய்வு மூணும் வேணும்னா எந்தத் தீவு? நான் போனேர்னு சொல்வேன்

கேள்வியைச் சுருக்கமா சொல்லிடறேன், புதுசா படிக்கறவங்களுக்கும் புரியணும். அமெரிக்காவுல இருக்கற ஒருத்தர் கேட்டிருக்கார், பிப்ரவரில ஒரு வாரம் லீவு, அவரு, மனைவி, ஊர்லேர்ந்து வந்திருக்கற அம்மா, மூணு பேர். கரீபியன்ல நல்ல பீச் வேணும், ஸ்நோர்கலிங் (மாஸ்க் மாட்டி, குழாய் வழியா மூச்சு விட்டு, மிதந்துட்டே கடலுக்குள்ள பார்க்கறது) பண்ணணும், ஆனா விடிகாலைல எழுந்து டூர் பஸ்ஸுக்கு ஓடற பொழப்பு வேண்டாம். மனைவிக்கு நீச்சல் அரைகுறை. எந்தத் தீவு, ரிசார்ட்ல தங்கறதா வாடகை வீடு எடுக்கறதா, இதான் கேள்வி.

என் பதில் போனேர். ஏன்னு கொஞ்சம் விலாவாரியா சொல்றேன், ஏன்னா அந்தக் காரணம் புரிஞ்சுட்டா வேற தீவுக்குப் போனாலும் உங்களுக்கு உதவும்.

பொதுவா நம்ம ஆளுங்க ஹோட்டல் ஃபோட்டோவைப் பார்த்துத்தான் தீவை முடிவு பண்றாங்க, நீல ஸ்விம்மிங் பூல், தென்னை மரம், வெள்ளை மணல். ஆனா ஸ்நோர்கலிங் வேணும்னா பார்க்கவேண்டியது ஹோட்டலை இல்ல, கரையிலேர்ந்து பவளப்பாறை எவ்வளவு தூரத்துல இருக்கு, காத்து எந்தப் பக்கத்துலேர்ந்து அடிக்குது, இந்த ரெண்டைத்தான். பெரிய பெரிய ரிசார்ட் வரிசையா இருக்கற நிறைய இடத்துல பாறை கரைக்கு ரொம்பத் தள்ளி இருக்கும், அப்ப என்ன ஆகும்னா போட்ல ஏத்திட்டுப் போவாங்க, கூட முப்பது நாப்பது பேர் இருப்பாங்க, முக்கா மணி நேரம் டைம் கொடுப்பாங்க, அம்மாவுக்குத் தலை சுத்தும், மனைவி பயந்துட்டு லைஃப் ஜாக்கெட்டோட போட்லயே உக்காந்துடுவாங்க, விசில் ஊதினா எல்லாரும் திரும்பி ஏறணும். நீங்க கேட்ட ஓய்வு அங்கயே போச்சு. போனேர்ல கடல் உங்க நேரத்துக்குத் திறந்திருக்கும். காலைல காஃபி குடிச்சுட்டு மாஸ்க்கை எடுத்துட்டு நடந்து இறங்கலாம், பத்து நிமிஷத்துல பிடிக்கலன்னா ஏறி வந்துடலாம், மதியம் தூங்கி எழுந்து மறுபடி இறங்கலாம், யாரும் உங்களுக்காகக் காத்துட்டு இருக்க மாட்டாங்க, நீங்களும் யாருக்காகவும் காத்துட்டு இருக்க வேண்டாம்.

இது எப்படி அமைஞ்சுதுன்னா, போனேர் வெனிசுவேலா கரைக்கு வடக்க சுமார் 80 கிலோமீட்டர்ல இருக்கற, நெதர்லாந்தோட சேர்ந்த சின்னத் தீவு, மொத்தமே 288 சதுர கிலோமீட்டர். அரூபா, குராசாவ் ரெண்டும் பக்கத்துத் தீவுங்க. வருஷம் பூரா கிழக்குலேர்ந்து காத்து அடிச்சுட்டே இருக்கும், அதனால கிழக்குப் பக்கம் அலை பாறைல மோதி வெடிக்கும், அங்க யாரும் குளிக்கக் கூடாது. மேற்குப் பக்கம் காத்துக்கு மறைவு. அதுலயும் தீவு உள்பக்கமா வளைஞ்சு இருக்கு, அந்த வளைவுக்கு நடுவுல க்ளைன் போனேர்னு ஒரு குட்டித் தீவு அணை கட்டின மாதிரி படுத்திருக்கு. அதனால மேற்குக் கரை முழுக்கவே பெரும்பாலான நாள் ஏரித் தண்ணி மாதிரி அமைதியா இருக்கும். ஆறு எதுவும் கிடையாது, மழையும் ரொம்பக் கம்மி, அதனால சேறு கலங்கி கடலுக்கு வர்றது குறைவு, தண்ணிக்குள்ள இருபது முப்பது மீட்டர் தூரம் வரைக்கும் தெளிவா தெரியும். தண்ணி சூடு 26லேர்ந்து 29 டிகிரிக்குள்ள, பிப்ரவரில கீழ் எண்ணை ஒட்டி இருக்கும், ஒரு மணி நேரம் உள்ள இருந்தா லேசா நடுங்கும், மெல்லிசா ஒரு வெட்சூட் டாப் இருந்தா நல்லது.

கரையிலேர்ந்து முதல்ல மணலும் உடைஞ்ச பவளமும் கலந்த ஒரு தட்டையான இடம், ஆழம் இடுப்பு, கழுத்து, ஆளுயரம்னு மெதுவா ஏறும். நிறைய இடத்துல நூறு மீட்டருக்குள்ளயே ஒரு விளிம்பு வரும், அங்க சுமார் பத்து மீட்டர் ஆழத்துல பாறை சரிஞ்சு கருநீலத்துக்குள்ள இறங்கும். நீச்சல் தெரிஞ்சவங்க அந்த விளிம்பு மேல மிதந்துட்டே கீழ எட்டிப் பார்க்கலாம், தெரியாதவங்க தட்டையான பகுதியிலேயே நின்னு பார்த்தாலும் மீனுக்குப் பஞ்சம் இல்ல.

இயற்கை அமைப்பு மட்டும் காரணம் இல்ல, அந்த ஊர் ஜனங்க அதைக் காப்பாத்தினதும் காரணம். ஆமை முட்டை எடுக்கறதைத் தடுக்க 1961லயே சட்டம் போட்டாங்க, ஈட்டித் துப்பாக்கி வச்சு மீன் குத்தறதை 1971ல நிறுத்தினாங்க, 1979ல தீவைச் சுத்தி கரையிலேர்ந்து 60 மீட்டர் ஆழம் வரைக்கும் கடல் முழுக்க தேசிய கடல் பூங்கான்னு அறிவிச்சாங்க. ஒரு மூலையில வேலி போட்டு இதுதான் பூங்கான்னு காட்டல, தீவோட கரை மொத்தமும் பூங்கா. போட் நங்கூரம் போடக் கூடாது, மிதவைலதான் கட்டணும். இவ்வளவு முன்னாடியே யோசிச்ச ஊர் அந்தப் பக்கத்துல அபூர்வம், இன்னிக்கு நாம மாஸ்க் மாட்டிட்டு இறங்கி பார்க்கற மீன் எல்லாம் அதோட பலன்தான்.

இப்ப பீச் விஷயத்துக்கு வரேன். நீட்டமா, வெள்ளையா, பவுடர் மாதிரி மணல், கிலோமீட்டர் கணக்குல நடக்கணும், அதுதான் முதல் ஆசைன்னா போனேர் வேண்டாம், அரூபாவுல ஈகிள் பீச்சுக்குப் போயிடுங்க. போனேர்ல கரை பெரும்பாலும் பவளத் துண்டும் சுண்ணாம்புப் பாறையும்தான், வெறுங்காலோட இறங்கினா குத்தும், ரப்பர் அடி வச்ச வாட்டர் ஷூ கட்டாயம். ஆனா மணல் பீச்சே இல்லன்னு அர்த்தம் இல்ல, உங்களுக்கு வேண்டிய அளவுக்கு இருக்கு, ரெண்டு இடம் குறிப்பா சொல்றேன்.

முதல் இடம் க்ளைன் போனேர். ஆளே குடியில்லாத தீவு, 1999ல தனியார் கைலேர்ந்து வாங்கி பாதுகாக்கப்பட்ட இடமா ஆக்கிட்டாங்க, இல்லன்னா இந்நேரம் ஹோட்டல் முளைச்சிருக்கும். தலைநகர் க்ராலன்டைக்லேர்ந்து வாட்டர் டாக்ஸி போகும், கொஞ்ச நேரத்துல போய்ச் சேர்ந்துடலாம். அங்க இருக்கற மணல் கரைக்குப் பேரே நோ நேம் பீச். போட்காரங்க கிட்ட சொன்னா கொஞ்சம் முன்னாடியே ஒரு இடத்துல இறக்கி விடுவாங்க, நீரோட்டம் உங்களை மெதுவா பாறை ஓரமாவே இழுத்துட்டு வந்து பீச்ல சேர்த்துடும், கையைக் காலை அடிக்கவே வேண்டாம், சும்மா மிதந்து கீழ பார்த்துட்டே வரலாம். மனைவிக்கு இது முதல் நாள் வேண்டாம், மூணாவது நாலாவது நாள் தைரியம் வந்ததும் மிதக்கற வெஸ்ட் போட்டுட்டுப் பண்ணட்டும், போட் ஆள்கிட்ட நீச்சல் சரியா வராதுன்னு முன்னாடியே சொல்லிடுங்க. இன்னொண்ணு, அந்தத் தீவுல கடை கிடையாது, டாய்லெட் கிடையாது, நிழல்னு பெருசா எதுவும் கிடையாது, தண்ணி பாட்டில், தொப்பி, சாப்பாடு எல்லாம் தூக்கிட்டுப் போய் குப்பையையும் திரும்பத் தூக்கிட்டு வரணும். அம்மாவை அங்க மதியம் வரைக்கும் உக்கார வைக்காதீங்க, காலைல போய் பதினொண்ணுக்குள்ள திரும்பிடுங்க.

ரெண்டாவது இடம் சொரபோன், லாக் பே அப்படிங்கற விரிகுடா ஓரத்துல இருக்கு. கிழக்குப் பக்கம்தான், ஆனா வெளியில ஒரு பவளப்பாறை வரிசை அலையை உடைச்சுடறதால உள்ள தண்ணி இடுப்பளவுதான், அதுவும் ரொம்ப தூரத்துக்கு. காத்து மட்டும் நல்லா அடிக்கும், அதனால உலகம் பூராவிலேர்ந்து விண்ட்சர்ஃபிங் பண்றவங்க வந்து குமிவாங்க. அம்மாவுக்கு நான் அடிச்சு சொல்ற இடம் இதுதான். மணல் மெத்துன்னு இருக்கும், தண்ணி வெதுவெதுன்னு இருக்கும், கையைப் பிடிச்சுட்டு நடந்து போய் அப்படியே உக்காந்துக்கலாம், பாய்மரம் விரிச்சுட்டு பசங்க பறக்கறதைப் பார்த்துட்டே பொழுது போயிடும். அதே விரிகுடாவோட உள்பக்கம் அலையாத்திக் காடு, பிச்சாவரத்துல துடுப்புப் படகுல வேருக்கு நடுவுல போவோமே அதே மாதிரி இங்க கயாக்ல கூட்டிட்டுப் போறாங்க, குட்டி மீனெல்லாம் அந்த வேருக்கு நடுவுலதான் வளந்து அப்புறம் பாறைக்குப் போகும். கடல் புல் மேய பேராமையும் அந்த விரிகுடாவுக்கு வரும்.

இனிமே ஸ்நோர்கலிங். தீவைச் சுத்தி ரோட்டோரமா மஞ்சள் பெயின்ட் அடிச்ச கல்லு வச்சு ஒவ்வொண்ணுலயும் இடத்தோட பேர் எழுதியிருப்பாங்க, 80க்கு மேல இருக்கு. கல்லைப் பார்த்தா வண்டியை ஓரங்கட்டி இறங்க வேண்டியதுதான். எல்லா இடமும் ஆரம்பக்காரங்களுக்குச் சரிவராது, சில இடத்துல கரை வழுக்கும், அலை சின்னதா இருந்தாலும் கால் தடுக்கும். விமான நிலையத்துக்குப் பக்கத்துல தெ ஆமோ பீச் இருக்கு, மணலா இறங்கலாம், மனைவி முதல்முதலா மாஸ்க் போட்டுப் பழக அதான் சரி. ஊருக்குத் தெற்க பேச்சலர்ஸ் பீச்னு சின்னதா ஒண்ணு, அதுவும் சாயங்காலத்துக்கு நல்லா இருக்கும். வடக்க போனா தௌசண்ட் ஸ்டெப்ஸ், பேரைக் கேட்டு பயப்பட வேண்டாம், நூறு படி கூட கிடையாது, காத்து டேங்க்கைத் தூக்கிட்டு ஏறற டைவிங் ஆளுங்களுக்கு ஆயிரம் மாதிரி தோணும்னு வச்ச பேர். ஆனா அம்மாவை இறக்காதீங்க, சுண்ணாம்புக் கல் படி, ஏத்த இறக்கமா இருக்கும். கீழ போனா தண்ணி நிறம் பார்த்தாலே போதும், அழுங்காமை பாக்கற வாய்ப்பும் அங்க நல்லாவே உண்டு.

எனக்கு ரொம்பப் பிடிச்சது தெற்க இருக்கற சால்ட் பியர். உப்பு ஏத்தற கப்பல் வந்து நிக்கற பாலம், அதோட தூணெல்லாம் கடலுக்குள்ள நிக்குது. ஒவ்வொரு தூணையும் பஞ்சுயிரியும் பவளமும் ஆரஞ்சு, மஞ்சள், ஊதான்னு மூடியிருக்கு, மேலேர்ந்து வெயில் பாலத்து சந்துல கோடு கோடா இறங்கும், நடுவுல மீன் கூட்டம் அப்படியே அசையாம நிக்கும். கப்பல் நிக்கற நாள்ல அங்க இறங்க அனுமதி கிடையாது, அன்னிக்கு வேற இடம் பாருங்க. நல்லா நீந்த வர்றவங்க மட்டும் தூணுங்களுக்கு நடுவுல போகணும், ஏன்னா நீரோட்டம் இருக்கற நாள்ல தள்ளும்.

தண்ணிக்குள்ள என்ன பார்க்கலாம்னு ஒரே ஒரு மீனை மட்டும் சொல்றேன், மத்ததை நீங்களே கண்டுபிடிங்க. தலையைத் தண்ணிக்குள்ள விட்டு மூச்சை மெதுவாக்கிட்டீங்கன்னா முதல்ல காதுக்கு ஒரு சத்தம் கேட்கும், கறுக் கறுக்னு, யாரோ முறுக்கு கடிக்கற மாதிரி. அது கிளிமீன். பச்சையும் நீலமும் ரோஸும் கலந்து முழங்கை நீளத்துக்கு ஒண்ணு பாறைல வாயை வச்சு சுரண்டிட்டு இருக்கும், பல்லு கிளி மூக்கு மாதிரியே சேர்ந்து இருக்கும். பாறை மேல படிஞ்ச பாசியைத்தான் அது தின்னுது, பாசியோட சேர்ந்து உள்ள போற சுண்ணாம்பை அரைச்சுட்டு, கொஞ்ச தூரம் நீந்திப் போய் பின்னாடி வெள்ளையா ஒரு புகை மாதிரி விடும், அது மணல். நீங்க கால் வச்சு நிக்கற மணல்ல ஒரு பங்கு இப்படி வந்ததுதான். அது தின்னலன்னா பாசி பவளத்தை மூடிக் கொன்னுடும், அதனாலதான் 2010லேர்ந்து போனேர்ல கிளிமீன் பிடிக்கறதே தடை. இது தெரிஞ்சுட்டுப் பார்த்தீங்கன்னா அந்த மீனை விட்டு நகரவே மனசு வராது.

ராத்திரி விஷயம் ஒண்ணு இருக்கு, நிறைய பேர் அது தெரியாமலே திரும்பி வந்துடறாங்க. பௌர்ணமி கழிஞ்சு ரெண்டாம் நாள்லேர்ந்து சில ராத்திரி, சூரியன் மறைஞ்சு நல்லா இருட்டினதும், நிலா வர்றதுக்கு முன்னாடி, கடலுக்குள்ள நீல நிறத்துல பொட்டுப் பொட்டா வரிசையா வெளிச்சம் மேல ஏறும். ஆஸ்ட்ரகாட்னு எள்ளை விடச் சின்ன உயிரு, ஆண்கள் பெண்ணைக் கூப்பிட இப்படி ஒளியைக் கக்கிட்டே நீந்துது. தண்ணில இறங்கணும்னு கூட இல்ல, இருட்டான ஒரு படகுத்துறைல உக்காந்து டார்ச்சை அணைச்சுட்டு கீழ பார்த்தாலே தெரியும். டிக்கெட் போடறதுக்கு முன்னாடி காலண்டர்ல பௌர்ணமி எப்பன்னு பாருங்க, அம்மாவே தேதி சொல்லிடுவாங்க, அதுக்கு அடுத்த நாலஞ்சு நாள் உங்க வாரத்துக்குள்ள வர்ற மாதிரி போட்டுக்கோங்க.

நீச்சல் அரைகுறைங்கறதைப் பத்தி. ஸ்நோர்கலிங்ல பயமே மூச்சுலேர்ந்துதான் வருது, வாயால மட்டும் மூச்சு விட மூளை ஒத்துக்காது. அதனால முதல் நாள் ஆழமே வேண்டாம், இடுப்பளவு தண்ணில நின்னுட்டு தலையை மட்டும் உள்ள விட்டு அஞ்சு நிமிஷம் மூச்சு விட்டுப் பழகட்டும், கால்ல மாட்டற துடுப்பு கூட வேண்டாம். ஊதற வெஸ்ட் வாடகைக்குக் கிடைக்கும், அதைப் போட்டா மூழ்கவே மாட்டாங்க, அந்த நம்பிக்கை வந்துட்டா மீதி எல்லாம் தானா வரும். மாஸ்க் மட்டும் வாடகைக்கு எடுக்காம உங்க முகத்துக்குப் பொருந்தறதா கடைல போட்டுப் பார்த்து வாங்கிட்டுப் போங்க, பட்டையைத் தலைல மாட்டாம முகத்துல வச்சு மூக்கால லேசா உறிஞ்சினா விழாம ஒட்டி நிக்கணும், அதான் சோதனை. உங்களுக்கு மீசை இருந்தா மூக்குக்குக் கீழ தண்ணி கசியும், மீசை மேல கொஞ்சம் சிலிகான் க்ரீஸ் தடவினா ஓரளவு நிக்கும். கண்ணாடி போடறவங்க பவர் போட்ட மாஸ்க் வாங்கிக்கோங்க, இல்லன்னா இவ்வளவு தூரம் போய் கலங்கலா பார்த்துட்டு வருவீங்க. முகம் முழுக்க மூடற மாஸ்க்கை நான் சிபாரிசு பண்ண மாட்டேன், பதட்டத்துல சட்டுனு கழட்ட வராது. பிபி, இதயக் கோளாறு இருக்கறவங்க டாக்டர்கிட்ட கேட்டுட்டுதான் இறங்கணும், மூச்சு வாங்கற மாதிரி தோணினா அந்த நிமிஷமே திரும்பிடணும், யாரும் தனியா இறங்கக் கூடாது, இதுல விட்டுக்கொடுக்கவே கூடாது.

வெயில் மோசமானது. காத்து அடிக்கறதால சுடறதே தெரியாது, சாயங்காலம் குளிக்கும்போதுதான் முதுகும் முழங்கால் பின்பக்கமும் எரியும். கை நீட்டா ரேஷ் கார்டும் (தண்ணிக்குள்ள போடற இறுக்கமான சட்டை) லெக்கிங்ஸும் போட்டுக்கோங்க. சன்ஸ்க்ரீன்ல ஆக்ஸிபென்ஸோன், ஆக்டினாக்ஸேட் இருக்கறது அங்க 2021லேர்ந்து தடை, பவளத்துக்குக் கெடுதல்ங்கறதால. துத்தநாக ஆக்ஸைடு போட்டது வாங்கிட்டுப் போங்க.

தண்ணிக்குள்ள விதி ரொம்ப எளிமை, எதையும் தொடாதீங்க, எதுக்கும் சாப்பாடு போடாதீங்க. க்ளவுஸ் போடவே அங்க அனுமதி இல்ல, க்ளவுஸ் இருந்தா கை தானா பாறையைப் பிடிக்கும்னுதான். தொட்டா உங்களுக்கும் கஷ்டம், ஃபயர் கோரல்னு கடுகு நிறத்துல ஒண்ணு இருக்கு, உரசினா தீப்பட்ட மாதிரி எரியும், கடல் முள்ளெலியோட கறுப்பு முள்ளு கால்ல முறிஞ்சு நிக்கும். லயன்ஃபிஷ் பார்க்க அழகா இருக்கும், முள்ளு விஷம், அது அந்தக் கடலைச் சேர்ந்ததே இல்ல, இந்தோ பசிபிக் பக்கத்து மீன், போனேருக்கு 2009ல வந்து குட்டி மீனெல்லாம் காலி பண்ணிட்டு இருக்கு, அதனால ஹோட்டல்ல லயன்ஃபிஷ் இருந்தா தாராளமா வாங்கிச் சாப்பிடுங்க. ஆமை பக்கத்துல வந்தா துரத்தாம அப்படியே மிதங்க, அது மூச்சு விட மேல வரும், உங்க பக்கத்துலயே வரும். சிப்பி, பவளத் துண்டு எதையும் பைல போட்டுட்டு வராதீங்க, சட்டப்படி குத்தம்.

செலவு. தீவுக்குள்ள நுழைய வெளியூர்க்காரங்களுக்கு ஆளுக்கு 75 டாலர் வரி, அது 2022லேர்ந்து. கடல்ல இறங்கறவங்களுக்கு இயற்கைக் கட்டணம் 40 டாலர், அந்த வருஷம் முழுக்கச் செல்லும், ரெண்டையும் ஆன்லைன்லயே கட்டிடலாம், போறதுக்கு முன்னாடி இப்ப என்ன ரேட்னு ஒரு தடவை பார்த்துக்கோங்க. நிறைய பேர் இதைப் பார்த்து முகம் சுளிக்கறாங்க, எனக்கு அதுல கொஞ்சமும் வருத்தம் இல்ல, அந்தக் காசுலதான் ரேஞ்சர் சம்பளமும் மிதவைப் பராமரிப்பும் நடக்குது. பணம் மாத்தற வேலை இல்ல, 2011லேர்ந்து அங்க அமெரிக்க டாலர்தான். குழாய்த் தண்ணி கடல் தண்ணியைச் சுத்திகரிச்சது, தைரியமா குடிக்கலாம், பாட்டில் வாங்க வேண்டாம்.

ரிசார்ட்டா வீடான்னு கேட்டீங்க, வீடுதான். சமையலறையோட இருக்கற அபார்ட்மென்ட் க்ராலன்டைக்லயும் அதுக்கு வடக்கயும் நிறைய, சில இடத்துல பின்பக்கக் கதவைத் திறந்தா கடலுக்கு இறங்கற ஏணியே இருக்கும், அந்த மாதிரி தேடிப் பிடிங்க, கொஞ்சம் காசு கூடினாலும் பரவாயில்ல, உங்க வாரத்தோட சுகமே அந்த ஏணிலதான் இருக்கு. அம்மா சைவம்னா வீடு இன்னும் அவசியம், ஊர்ச் சாப்பாடுன்னா ஆட்டுக்கறிக் குழம்பு, பொரிச்ச மீன், சோள மாவுல கிண்டற ஃபுஞ்சி, இப்படித்தான் இருக்கும். ஆட்டுக்கறிக் குழம்பைக் கபிரித்து ஸ்தோபான்னு சொல்லுவாங்க, நீங்க சாப்பிடுவீங்கன்னா விடாதீங்க, நல்லா வேகவச்சு காரம் மட்டா இருக்கும். காய்கறி பூராவும் வெளிலேர்ந்து இறக்குமதி, விலை அதிகம், அரிசி கிடைக்கும், ரசப்பொடி, ஊறுகாய், அப்பளம் நீங்க எடுத்துட்டுப் போங்க.

வண்டி இல்லாம அங்க இருக்க முடியாது, பஸ் வசதியை நம்ப முடியாது. எல்லாரும் பிக்கப் ட்ரக்தான் எடுப்பாங்க, ஈரத் துணியோட பின்னாடி எல்லாத்தையும் போட்டுட்டுப் போலாம், மண் ரோட்டுக்கும் தாங்கும். அம்மா ஏற சிரமப்பட்டா உயரம் கம்மியான நாலு கதவு வண்டி கேளுங்க. தீவு முழுக்க ட்ராஃபிக் சிக்னல் ஒண்ணு கூட கிடையாது, ஆனா கழுதை இருக்கு, ஆடு இருக்கு, ரோட்டு நடுவுல நிக்கும், இருட்டினப்புறம் மெதுவா ஓட்டுங்க. கடல்ல இறங்கும்போது வண்டில பர்ஸ், ஃபோன், பாஸ்போர்ட் எதுவும் வைக்கவே வைக்காதீங்க, கண்ணாடியை உடைச்சு எடுத்துட்டுப் போறது அங்க பழைய தொல்லை, அதனால ஊர்க்காரங்களே வண்டியை காலியா வச்சு கண்ணாடியை இறக்கி விட்டுட்டுப் போறாங்க. வீட்டு சாவியை வாட்டர்ப்ரூஃப் பைல கழுத்துல மாட்டிக்கோங்க.

ஒரு நாள் தண்ணிக்கு லீவு விட்டு தெற்கு ரோட்டுல வண்டில ஒரு சுத்து சுத்துங்க, அம்மாவும் உக்காந்துட்டே பார்க்கலாம். உப்பளத் தண்ணி ரோஸ் நிறத்துல இருக்கும், உப்பு விரும்பற நுண்ணுயிரி அந்த நிறத்தைக் கொடுக்குது, பக்கத்துல வெள்ளை வெளேர்னு உப்பு மலை, தூரத்துல பூநாரைக் கூட்டம். அந்த ரோட்டோரத்துலயே குட்டிக் குட்டியா கல் குடிசை வரிசையா நிக்கும், ஆளு நிமிர்ந்து நுழைய முடியாது, குனிஞ்சு தவழ்ந்துதான் உள்ள போகணும். 1850ல அடிமைகளுக்குக் கட்டினது. உப்பு வாரற வேலை செஞ்சவங்க வாரம் பூரா இதுல படுத்துட்டு, வாரக் கடைசில ரிங்கோன் ஊர்ல இருக்கற குடும்பத்தைப் பார்க்க மணிக்கணக்கா நடந்து போயிருக்காங்க, டச்சுக்காரங்க அந்தப் பக்கம் அடிமை முறையை நிறுத்தினது 1863ல. வண்டியை விட்டு இறங்கி ஒரு குடிசைக்குள்ள தலையை விட்டுப் பாருங்க, வெயில் கொதிக்கற நேரத்துல அதுக்குள்ள ஒரு ஆள் எப்படிப் படுத்திருப்பான்னு தோணும். அந்த ரிங்கோனுக்கும் போங்க, தீவோட பழைய ஊரு, பாப்பியமெந்துங்கற உள்ளூர் மொழி பேசற ஜனங்க, ‘போன் பினி’ன்னு வரவேற்பாங்க, நாம ‘டாங்கி’ன்னு நன்றி சொன்னா முகம் மலந்துடும்.

சீசனைப் பொறுத்தவரைக்கும் பிப்ரவரி நல்ல மாசம், மழை கம்மி. கரீபியனுக்கு ஜூன்லேர்ந்து நவம்பர் வரைக்கும் புயல் பயம், போனேர் ரொம்பத் தெற்க இருக்கறதால பெரும்பாலும் தப்பிச்சுடும், ஆனா 1999ல லென்னின்னு ஒரு புயல் வழக்கத்துக்கு மாறா மேற்குலேர்ந்து வந்து அலை அடிச்சதுல மேற்குக் கரைல ஆழம் கம்மியான பவளம் நிறைய போச்சு. பிப்ரவரி க்ரூஸ் சீசனும்தான், கப்பல் வர்ற நாள்ல ஊரும் க்ளைன் போனேரும் ஜனமா இருக்கும், துறைமுகத்தோட கப்பல் பட்டியல் ஆன்லைன்ல இருக்கு, அதைப் பார்த்து கப்பல் இல்லாத நாளா க்ளைனுக்கு வச்சுக்கோங்க.

கஷ்டமான சேதி ஒண்ணையும் சொல்லணும். 2023ல கல் பவளத்தைத் தாக்கற நோய் ஒண்ணு போனேருக்கும் வந்துடுச்சு, மூளைப் பவளம் மாதிரி பெரிய வகைகள் வாரக் கணக்குலயே வெள்ளையாகி செத்துடுது. அதே வருஷம் கடல் சூடு ஏறி பவளம் வெளுக்கறதும் சேர்ந்துச்சு. அதனால பழைய வீடியோவைப் பார்த்துட்டு அதே மாதிரி இருக்கும்னு எதிர்பார்த்துப் போகாதீங்க, செத்த பவளம் கண்ணுல படும், மனசு வலிக்கும். இருந்தாலும் மீனும் ஆமையும் கடல் விசிறியும் பஞ்சுயிரியும் இன்னும் ஏராளம், கரீபியன்ல கரையிலேர்ந்து இறங்கிப் பார்க்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. மான்கொம்புப் பவளத்தைத் தண்ணிக்குள்ளயே மரம் மாதிரி கம்பத்துல தொங்கவிட்டு வளர்த்து பாறைல நடற வேலையை ரீஃப் ரினியூவல் அமைப்பு 2012லேர்ந்து செய்யுது. நீங்க செய்ய வேண்டியது, வேற கடல்ல போட்ட மாஸ்க், துடுப்பு, ஷூ எல்லாத்தையும் கிருமிநாசினில அலசிக் காய வச்சு எடுத்துட்டுப் போங்க, ஒரு இடத்து நோய் இன்னொரு இடத்துக்குப் போகக் கூடாது.

போனேர் ஒத்துவரலன்னா ரெண்டு மாற்று. மணலும் வேணும் மீனும் வேணும் ரெண்டும் ஒரே இடத்துலன்னா குராசாவ், அங்க மேற்குக் கரைல க்ரோட்டே க்னிப், காஸ் அபாவ் மாதிரி சின்னச் சின்ன வளைவு பீச் நிறைய, பிளாயா பிஸ்காடோல மீனவங்க மீன் கழுவற இடத்துக்கு ஆமை தானா வந்துடும். இன்னொண்ணு பிரெஞ்சுத் தீவு க்வாதலூப், அங்க மலாந்தூர்னு கறுப்பு மணல் பீச், கரையிலேர்ந்து கொஞ்ச தூரத்துலயே பேராமை புல் மேயும். அந்தத் தீவுல நமக்கு இன்னொரு காரணமும் இருக்கு, 1854லேர்ந்து கரும்புத் தோட்டத்துக்குக் கூலியா நாப்பதாயிரம் பேருக்கு மேல இந்தியாவுலேர்ந்து கொண்டு போனாங்க, புதுச்சேரி, காரைக்கால் வழியா கப்பல் ஏறின தமிழங்க அதுல நிறைய. இன்னிக்கும் அங்க மாரியம்மன் கோயில் இருக்கு, கொலம்போன்னு ஒரு மசாலாக் குழம்பு ஊர் பூரா சமைக்கறாங்க. அம்மாவுக்கு அது பிடிச்சுப்போகலாம். ஆனா அமைதியான தண்ணி, நினைச்ச நேரத்துல இறங்கறது, இதுல போனேர்தான் முன்ன நிக்குது.

விமானம் அட்லான்டா, ஹூஸ்டன், மயாமிலேர்ந்து நேரடியா இருக்கு, எல்லா நாளும் இருக்காது, அதனால சனிக்கிழமை போய் சனிக்கிழமை வர்ற மாதிரி அமையுதான்னு முதல்ல பாருங்க. இந்திய பாஸ்போர்ட்டா இருந்தா விசா விஷயத்தை டிக்கெட்டுக்கு முன்னாடி முடிங்க, போனேர் நெதர்லாந்தோட சேர்ந்ததுதான்னாலும் ஐரோப்பாவோட பொது விசாப் பகுதியான ஷெங்கனுக்குள்ள வராது, கரீபியன் பகுதிக்குத் தனி விசா விதி, சில நாட்டு விசா கையில இருந்தா விலக்கும் உண்டு. உங்க மூணு பேர்ல ஒவ்வொருத்தர் நிலைமையும் வேற வேறயா இருக்கும், முக்கியமா விசிட்டர் விசால வந்திருக்கற அம்மாவுக்கு அமெரிக்காவுக்குத் திரும்ப நுழையறதும் சேர்த்து யோசிக்கணும், நெதர்லாந்து அரசாங்க வெப்சைட்ல அம்மா பாஸ்போர்ட்டை வச்சுத் தனியா பார்த்துடுங்க. அது சரியாயிடுச்சுன்னா அடுத்து ஏணி வச்ச வீடு, அப்புறம் வண்டி, இந்த வரிசைல புக் பண்ணுங்க, பிப்ரவரிக்கு ரெண்டும் சீக்கிரம் தீர்ந்துடும்.